எடைக்கு எடை வெல்லம்

எனக்கு முன்னால் பிறந்து எனக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்ட என் பட்டு அக்காவுக்கு,

சௌக்கியமா என்று கேட்டுத்தான் எந்தக் கடிதத்தையும் ஆரம்பிப்பேன். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது? நாங்கள் இருக்கிறோம். அத்தான் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ரிட்டயர் ஆகிவிட்டார். மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸை விட்டுவிட்டு, இதே ஹைதராபாத்தில் மாரெட்பள்ளிக்கு வந்து, இரண்டாவது மாடியில் இருக்கிறோம். உன் பூஜை அலமாரி இங்கேயும் கிழக்குப் பார்த்துத்தான் நிற்கிறது. சாமி படங்கள் உள்ளே, உன் படம் வெளியே பக்கத்துச் சுவரில்.

திங்கட்கிழமை காலை உன் பெண் பிரியாவுக்கு ஆப்பரேஷன். கட்டி, கல் என்று ஒன்றும் இல்லை, பதறாதே. உடம்பு இளைக்கிறதுக்காக வயிற்றை அறுக்கிறார்கள். இப்போது அப்படியெல்லாம் வந்துவிட்டது.

இந்தக் கடிதத்தை நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்குக் கொடுக்கப்போகிறேன். மறைந்தவர்களுக்கு எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். பிரியாவிடம் சொன்னேன். "எழுது சித்தி, எடையை மட்டும் போட்டுடாதே" என்றாள். போடவில்லை. மலர் அச்சாகி வரும்போது திங்கட்கிழமை கழிந்திருக்கும். படிக்கிறவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்திருக்கும். எழுதுகிற எனக்குத்தான் தெரியாது.

நான் எட்டாவதோடு நின்றவள், உனக்குத் தெரியும். நீ போன பிறகு மருந்துச் சீட்டையும் பேப்பரையும் வைத்துக்கொண்டு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டப் பழகினேன். இப்போது டாக்டர்கள் பேசுவது பாதிக்கு மேல் புரிகிறது. புரியாமல் இருந்த காலத்தில் பயம் குறைவாக இருந்தது.

எங்கே தொடங்கியது என்று சொல்கிறேன். பிரியா ஹைடெக் சிட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். அமெரிக்காக்காரர்கள் விழித்திருக்கிற நேரத்துக்கு இவளும் விழித்திருக்க வேண்டும். சாயங்காலம் கம்பெனி வண்டி வந்து கூட்டிக்கொண்டு போகும், விடிந்ததும் கொண்டுவந்து விடும். ஒருநாள் காலையில் கீழே கேட் பக்கம் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். வண்டி வந்து நின்றது. கதவு திறக்கவில்லை. டிரைவர் யாதகிரி இறங்கி என்னிடம் ஓடி வந்தான்.

"அம்மா, மேடம் லேவட்லேது" என்றான். எழுந்திருக்கவில்லை என்கிறான்.

போய்ப் பார்த்தேன். தலை பின்னால் சாய்ந்து கிடந்தது. வாய் திறந்திருந்தது. உதடு கறுத்திருந்தது. நெஞ்சு அசையவில்லை அக்கா. மாவுக் கையோடேயே கன்னத்தில் அறைந்தேன். உள்ளே அடைத்திருந்த ஏதோ ஒன்று விட்டுக்கொண்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. கண்ணைத் திறந்து, "வீடு வந்துருச்சா?" என்றாள். என் ஐந்து விரலும் அவள் கன்னத்தில் வெள்ளையாகப் பதிந்திருந்தது. அதைத் துடைத்துவிட எனக்குக் கை வரவில்லை.

யாதகிரி போகும்போது சொல்லிவிட்டுப் போனான், இது இன்றைக்கு நேற்று நடப்பது இல்லையாம். தினமும் இப்படித்தானாம். கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியைப் பார்ப்பதைவிட மேடம் மூச்சு விடுகிறார்களா என்று பார்ப்பதுதான் அதிகம் என்றான்.

அதற்குப் பிறகு டாக்டர், டெஸ்ட். கழுத்திலே இருக்கிற சதை தூக்கத்தில் மூச்சுக் குழாயை அழுத்துகிறதாம். மூக்கிலே மாட்டிக்கொள்ள ஒரு மெஷின் கொடுத்தார்கள். கூடவே சர்க்கரையும் பிரஷரும் வந்து உட்கார்ந்துவிட்டன. எடை இறங்கியே ஆகவேண்டும் என்றார்கள். அவள் சும்மா இருந்தாள் என்று நினைக்காதே. கொள்ளுக் கஞ்சி குடித்தாள். சோற்றை விட்டாள். பரேட் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். இறங்கியது எல்லாம் திரும்பி வந்தது, வரும்போது கொஞ்சம் கூடவும் கூட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் அவளே ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து இந்த ஆப்பரேஷன் பேச்சை எடுத்தாள்.

அத்தான் கை கழுவாமல் எழுந்து வெளியே போய்விட்டார். அந்த வார்த்தை இந்த வீட்டில் உன் காரியத்துக்குப் பிறகு யார் வாயிலும் வந்ததில்லை.

உனக்கே உன் கதையைச் சொல்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் ரத்தப்போக்கு நின்றுவிடும் என்றார்கள். நீ நடந்துதான் உள்ளே போனாய். வளையலையும் தோட்டையும் கழுத்துச் சங்கிலியையும் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து என் கையில் வைத்து, "சாயங்காலம் குடு" என்றாய். மயக்கம் தெளியவில்லை என்று வந்து சொன்னார்கள். ஏன் தெளியவில்லை என்று கேட்க எங்களில் யாருக்கும் அன்றைக்கு வாய் வரவில்லை.

பிரியா அப்போது மூன்றாம் வகுப்பு. மறு வருஷம் பெரியவர்கள் பேசி என்னை அத்தானுக்குக் கட்டிவைத்தார்கள். அந்தக் கைக்குட்டையை அவிழ்த்து அதே சங்கிலியை என் கழுத்தில் போட்டார்கள். நான் இன்னமும் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுகிறேன். பிரியா இன்னமும் என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள். யாரும் யாரையும் மாற்றச் சொல்லவில்லை.

அன்று அத்தான் எழுந்து போன பிறகு அவள் என்னைப் பார்த்தாள். "அப்பா பேசமாட்டாரு சித்தி. நீ சொல்லு. நீ சரின்னா போறேன். நக்கோன்னா விட்டுடறேன்."

இந்த ஊர்ப் பேச்சு உனக்கு மறந்திருக்காது. நக்கோ என்றால் வேண்டாம். ஒரே ஒரு வார்த்தை. என்னை எதற்கு இதில் இழுக்கிறாய், நீ படித்தவள், சம்பாதிக்கிறவள் என்றேன். "மூச்சு நின்னப்போ அறைஞ்சது நீதானே" என்றாள்.

உன் நாத்தனாருக்கு, இப்போது எனக்கும் நாத்தனார்தான், எப்படியோ விஷயம் எட்டிவிட்டது. திருச்சியிலிருந்து போன் பண்ணினார்கள். சுற்றி வளைக்கவில்லை. "ஏண்டி கோமு, உன் வயித்துல பொறந்திருந்தா இப்படிக் கத்திக்குக் குடுப்பியா?" என்று கேட்டார்கள். நான் பெறவில்லை. சரி என்று சொல்லி ஒன்று ஆகிவிட்டால், மூத்தாள் பிள்ளையை அறுக்கக் கொடுத்தாள் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லி ஒருநாள் வண்டிக் கதவு திறக்காமலே போனால், மூத்தாள் பிள்ளை மூச்சு முட்டும்போது பார்த்துக்கொண்டிருந்தாள் என்பார்கள். ஊர் சொல்வதை விடு. நீ எதைச் சொல்வாய்?

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். கூட்டமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஹைதராபாத்துக்காரி, பர்தா போட்டிருந்தாள். போன வருஷம் இதே ஆப்பரேஷன் பண்ணிக்கொண்டவளாம். சுருங்கிப்போயிருந்தாள். கை தூக்கும்போது தோல் தனியாகத் தொங்கியது. நல்லா இருக்கிறீர்களா என்று கேட்டேன். மாடிப்படி ஏறுகிறேன், மகன் பின்னால் ஓடுகிறேன் என்று சந்தோஷமாகத்தான் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, கல்யாண வீட்டில் பிரியாணி முன்னால் உட்கார்ந்தால் அழுகை வருகிறது என்றாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்காதாம். பசி செத்துப்போனது நல்லதுதான், ஆனால் ஆசையும் அதன் கூடவே போகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை என்றாள். பிரியா அதையெல்லாம் கேட்டுக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சர்ஜன் தெலுங்குக்காரர், சின்ன வயசு. ஒரு தாளில் வயிற்றைப் படமாக வரைந்து, நடுவிலே கோடு கிழித்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற பெரும்பகுதியை அறுத்து எடுத்துவிடுவார்களாம். மிச்சத்தை வாழைக்காய் மாதிரி தைத்துவிடுவார்களாம். மறுபடி ஒட்டவைக்க முடியாது. எடுத்ததை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பிரியா என் தொடையில் கிள்ளினாள். அவர் சிரிக்கவில்லை. டெஸ்ட்டுக்கு அனுப்பிவிட்டு எரித்துவிடுவோம் என்றார்.

அது என் மனசில் தங்கிவிட்டது. உயிரோடு இருக்கிறவளின் ஒரு பாகம் முன்னாலேயே நெருப்புக்குப் போய்விடுகிறது. போன பாகம் மிச்சத்தையும் கூப்பிடாதா? இதெல்லாம் படித்தவர்களிடம் சொல்ல முடியாது. உன்னிடம் சொல்லலாம்.

இதனால் பலன் உண்டா, அதை மட்டும் சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்டேன். உண்டு, ஆனால் ஆயுசு பூரா மாத்திரை என்றார். தையல் விட்டுக்கொள்ளலாம், ரத்தம் கட்டலாம், அபூர்வமாக உயிருக்கே கூட ஆகலாம் என்றார். வாயைக் கட்டாவிட்டால் எடை திரும்பவும் ஏறும் என்றார். எதையும் மறைக்கவில்லை. பிறகு இன்னொன்றும் சொன்னார்: "செய்யாம இருக்கறதும் ஒரு முடிவுதாம்மா. அதுலயும் ஆபத்து இருக்கு. அதுக்கு மட்டும் யாரும் உங்ககிட்ட கையெழுத்து கேக்கறதில்ல."

அடுத்த அறையில் மயக்க மருந்து டாக்டர், ஒரு பெண். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் தொந்தரவு வந்ததா என்று கேட்டாள். பிரியா இல்லை என்று தலையாட்டினாள். அம்மாவுக்கு ஆப்பரேஷன், அம்மா வரவில்லை, இவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். நான் உன்னைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

உடம்பு கொதித்ததா, தாடை விறைத்துக்கொண்டதா, ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். காகிதம் ஏது? அந்த நர்ஸிங் ஹோமே இல்லை, அங்கே இப்போது செல்போன் கடை. உன்னை வெளியே கொண்டுவந்தபோது நான் உன் கையைப் பிடித்தேன். அது நினைவிருக்கிறது. கை சூடாக இருந்ததா, சில்லென்று இருந்ததா, அது மட்டும் நினைவில் இல்லை. எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒருநாள் சூடு மாதிரி இருக்கிறது, ஒருநாள் சில்லென்று இருக்கிறது. உன் கை சூடாக இருந்ததா அக்கா? நீதான் சொல்லவேண்டும். சில சமயம் சிலருக்கு அந்த மருந்து விஷமாகுமாம். அது ரத்தத்தில் பிள்ளைகளுக்கும் இறங்குமாம்.

"அப்படித்தான் இருக்கும்னு வச்சுக்கிட்டு வேற மருந்து குடுக்குறோம். நீங்க சொன்னது ரொம்ப நல்லது" என்று அந்த டாக்டர் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

அன்றைக்கும் நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கேற்றினேன். அப்போதுதான் உன் வேண்டுதல் நினைவுக்கு வந்தது. வந்தது என்று சொல்லக்கூடாது, மறந்தால்தானே.

பிரியா குறைமாசத்தில் பிறந்தாள். இரண்டு உள்ளங்கையில் அடங்கினாள். பஞ்சைப் பாலில் நனைத்து வாயில் விட்டோம். இவள் உடம்பு தேறினால் எடைக்கு எடை வெல்லம் போடுகிறேன் என்று நீ முருகனிடம் சொன்னாய். தேறினாள். முதல் பிறந்தநாளுக்குத் துலாபாரம் என்று நாள் பார்த்தாகிவிட்டது. பிள்ளையைத் தூக்கிப் பார்த்த நீயே வேண்டாம் என்றாய். "இத்தனூண்டு வெல்லத்தைக் குடுத்தா முருகன் என்னடி நெனப்பான்? இன்னும் கொஞ்சம் சதை போடட்டும் கோமு" என்றாய். அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னாய். அதற்கடுத்த வருஷமும். சாமிக்குக் கொடுப்பதைக் குறைவாகக் கொடுக்க உனக்கு மனசு இல்லை. நெய்யும் பருப்புமாகப் பிசைந்து ஊட்டினாய். அவள் தேறித் தேறி வருகிற நேரத்தில் நீ போய்விட்டாய். நான் கல்யாணத்தோடு போட்டுவிடலாம் என்று வைத்திருந்தேன். கல்யாணம் வரவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். எடை மட்டும் வந்துகொண்டே இருந்தது.

பாக்கி ஒன்று நின்றால் எனக்குச் சோறு இறங்காது. பால்காரர் பாக்கியே அப்படி என்றால் முருகன் பாக்கி எப்படி இருக்கும், பார்த்துக்கொள். கத்திக்குப் போகிறவள் வேண்டுதல் பாக்கியோடு போகலாமா? பிரியாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள்.

"அம்மா சதை கேட்டா. முருகன் குடுத்தாரு. கொஞ்சம் ஓவரா குடுத்துட்டாரு, அவ்ளோதானே?"

இளைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம், கோயிலில் நாலு பேர் பார்ப்பார்கள் என்று நான்தான் தயங்கினேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "அது தள்ளுபடில குடுக்குற மாதிரி சித்தி. அம்மா ஒத்துக்குவாளா? இப்ப என்ன இருக்கோ அதைக் குடுத்துடலாம்."

நம் முருகன் கோயிலுக்குப் போனோம். துலாபாரத் தராசில் ஒரு குழந்தை வாழைப்பழத் தாருக்கு எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. வீட்டார் கைதட்டினார்கள். அவர்கள் முடித்து இறங்கியதும் நான் சீட்டுக் கேட்டேன். தராசுக்காரர் குழந்தை எங்கே என்று கேட்டார். பிரியாவைக் காட்டினேன். அவர் அவளைப் பார்த்தார். பிறகு மேலே கொக்கியைப் பார்த்தார். குருக்களைக் கூப்பிட்டார். குருக்கள் நல்ல மனுஷர், தாழ்ந்த குரலில்தான் சொன்னார்: "கொக்கி தாங்காதும்மா. பணமா உண்டியல்ல சேர்த்துடுங்கோ. அவன் ஏத்துப்பான்." எவ்வளவு தாழ்ந்த குரலில் சொன்னால் என்ன, வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்டுவிட்டது.

படியில் இறங்கும்போது பிரியா கேட்டாள். "சாமி தராசுலயே இடமில்லன்னா நான் எங்க போறது சித்தி?"

எனக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்தது என்று தெரியாது. ஆட்டோவை மோண்டா மார்க்கெட்டுக்கு விடச் சொன்னேன். அங்கே மொத்த வெல்லம் விற்கிற ஒரு சேட் கடை. மாசச் சாமான் வாங்கப் போகும்போது பார்த்திருக்கிறேன். மூட்டை நிறுக்கிற பழைய தராசு இன்னமும் உத்தரத்தில் தொங்கும். இரண்டு பக்கமும் இரும்புச் சங்கிலி, பலகைத் தட்டு. சேட்டிடம் விஷயத்தைச் சொன்னேன். கம்ப்யூட்டர் எடை மெஷின் இருக்கிறதே அம்மா, நொடியில் ஆகிவிடும் என்றார். பிரியா முந்திக்கொண்டு, நம்பர் வேண்டாம், தராசுதான் வேண்டும் என்று தெலுங்கில் சொன்னாள்.

மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் சிரித்தால் இவளைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுவது என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர் தட்டைத் தோள் துண்டால் துடைத்தார். "செருப்பைக் கழட்டும்மா, வெல்லம் வைக்கிற தட்டு" என்றார். பிரியா செருப்பைக் கழற்றி, தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

எதிர்த் தட்டில் வெல்லத்தை ஏற்றினார்கள். குண்டு குண்டாக வெல்லம். ஒரு வரிசை, அதன் மேல் ஒரு வரிசை. இவள் தட்டு அசையவில்லை. இன்னும் ஏற்றினார்கள். வெல்லம் அந்தப் பெரியவரின் நெஞ்சு உயரம் வந்துவிட்டது. உத்தரம் ஒரு முறை முனகியது. அக்கா, நீ சொன்னாயே, இன்னும் கொஞ்சம் சதை போடட்டும் என்று. நீ கேட்டது முழுக்க அன்றைக்கு என் கண் முன்னால் குவிந்திருந்தது.

பிறகு தட்டு தரையை விட்டது. பிரியா கண்ணை மூடியிருந்தாள். அந்தரத்தில் லேசாகச் சுற்றினாள். நெஞ்சு அசைகிறதா என்றுதான் என் கண் முதலில் பார்த்தது. அசைந்தது.

"சித்தி, லேசா இருக்கு" என்றாள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "என்னை யாரும் தரையிலேர்ந்து தூக்கி ரொம்ப நாளாச்சு. கடைசியா தூக்கினது அம்மாதான்."

நான் சரி என்று சொன்னது அப்போதுதான். போ, பண்ணிக்கொள், நான் வருகிறேன் என்றேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சங்கிலியை விட முடியாததால் துடைக்கவும் இல்லை. சேட் ஒரு உருண்டை வெல்லத்தை எடுத்து எதிர்த் தட்டின் மேல் வைத்தார். சாமி பக்கம் தாழ்ந்து இருக்கவேண்டும், இது என் கணக்கு என்றார்.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு நிம்மதியாக எழுதியிருப்பேன்.

வெல்லத்தை மூட்டை கட்டி, சேட் வைத்த உருண்டையை மட்டும் மேலே தனியாக வைத்து, டிராலி ஆட்டோவில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். மடப்பள்ளி வாசலில் இறக்கினார்கள். குருக்கள் அர்ச்சனை செய்தார். "ரொம்ப நாள் பாக்கி, பைசல் ஆயிடுத்து. இனிமே உங்களுக்கும் அவனுக்கும் ஒண்ணும் இல்லை" என்று சந்தோஷமாகச் சொன்னார். தீபாராதனைத் தட்டில் வைத்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

ஒன்றும் இல்லையா?

இத்தனை வருஷமும் அவள் மூச்சு நின்று நின்று திரும்பி வந்ததே, ஏன்? பாக்கி இருந்தது. வரவேண்டியது வரும்வரை கொடுத்தவன் விடமாட்டான். பால்காரர் கூட பாக்கி வைத்த வீட்டைத்தான் தினமும் விசாரிக்கிறார். முருகன் அவளைப் பிடித்துவைத்திருந்ததே அந்த வெல்லத்துக்காகத்தானோ? கத்திக்கு முன்னால் எல்லாவற்றையும் தீர்த்து, அவளை யாருக்கும் எதுவும் தரவேண்டாதவளாக ஆக்கி அனுப்புகிறேனோ?

நீ வருஷா வருஷம் தள்ளிப்போட்டது அதற்காகத்தானா அக்கா? சதை போடட்டும் என்றது எங்களுக்குச் சொன்ன சாக்கா? உனக்கென்று ஒரு பாக்கி வைத்துக்கொள்ளாமல் போய்விட்டாயே, அதனால்தான் மயக்கம் தெளியவில்லையா?

இது சரியான யோசனையா, பயந்தவள் யோசனையா, எனக்குத் தெரியாது. பிரியாவிடம் சொல்லவில்லை. மடப்பள்ளிக்காரர் மூட்டையை உள்ளே இழுப்பதற்கு முன்னால், சேட் மேலே வைத்த அந்த ஒற்றை உருண்டையை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

இப்போது அவள் தண்ணீராகத்தான் சாப்பிடுகிறாள். ஆப்பரேஷனுக்கு முன்னால் அப்படி இருக்கவேண்டுமாம். மோர், கஞ்சித் தண்ணீர், டப்பாவில் வருகிற ஒரு மாவு. சமையலறைப் பக்கம் வந்தால் தாளிக்கிற வாசனைக்குக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். வற்றல் குழம்பு வைக்கவா, ஒரு வாய் சாப்பிடுகிறாயா என்று எனக்கு வாய் வரை வருகிறது. அடக்கிக்கொள்கிறேன். அவள் முழுச் சாப்பாடு சாப்பிட்ட கடைசி நாள் எது என்று யோசித்துப் பார்த்தேன். ஏதோ ஒரு சாதாரண நாள். என்ன குழம்பு என்று கூட நினைவில்லை.

அத்தான் இன்னமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் நேற்று மெக்கானிக்கை அழைத்துவந்து, நின்றுபோயிருந்த ஸ்கூட்டரைச் சரிபண்ணிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு எத்தனை முறை போய் வரவேண்டியிருக்கும் என்று என்னிடம் கேட்காமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்று மத்தியானம் நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். பிரியா கண்ணாடி முன்னால் நின்று தோட்டைக் கழற்றினாள். சங்கிலியையும் கழற்றினாள். ஆஸ்பத்திரிக்கு நகை எதுவும் போட்டுக்கொண்டு வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். கைக்குட்டையை விரித்து, எல்லாவற்றையும் வைத்து, முடிந்து, என்னிடம் நீட்டினாள். அவளுக்கு அந்தக் கைக்குட்டைக் கதை தெரியாது. நீ "சாயங்காலம் குடு" என்றதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அத்தானிடம் கூட. முடிச்சுப் போட்ட விதம்கூட உன்னுடையது மாதிரியே இருந்தது.

"வந்தப்புறம் குடு சித்தி" என்றாள்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "நான் வாங்கமாட்டேன். பீரோவில் நீயே வை. சாவி எங்கே இருக்குன்னு உனக்குத் தெரியும். வந்து நீயே எடுத்துப் போட்டுக்கோ" என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. அவள் போய்ப் பீரோவில் வைத்துவிட்டு வந்தாள். பீரோ கதவு மூடுகிற சத்தம் உனக்கும் கேட்டிருக்கும், உன் படம் அதற்கு நேர் எதிரேதான் இருக்கிறது.

அக்கா, உனக்கு நான் கொடுக்கிற வாக்கு இது. திங்கட்கிழமை அந்தக் கதவுக்கு வெளியே வெறுங்கையோடுதான் நிற்பேன். யாருடைய எதையும் வாங்கி வைத்துக்கொள்ளமாட்டேன். அந்த ஒரு உருண்டை வெல்லம் உன் படத்துக்குக் கீழே தூக்குப்பாத்திரத்தில் இருக்கிறது. முருகனிடமும் சொல்லிவிட்டேன், கணக்கு இன்னும் முடியவில்லை, ஒரு உருண்டை பாக்கி, அதை அவளே தன் காலால் படியேறி வந்துதான் தருவாள் என்று. அதுவரைக்கும் அதில் எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்கிறேன்.

உன் வீட்டில், உன் இடத்தில், உன் பிள்ளைக்குக் காவலாக நிற்கிற
உன் தங்கை
கோமு